கச்சானும் கைக்குழந்தையும்

சித்திரை கழிந்து வைகாசி பிறந்ததும் எங்கள் கீழ்க்கரையில் கச்சான் காற்றுப் புறப்பட்டுவிடும். மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரமெல்லாம் இழந்து, மலையிறங்கி வருகின்ற காற்று அது. கல்முனையை வந்தடையும்போது அதனிடம் எஞ்சியிருப்பது வெப்பமும் புழுதியுமே. கொடியிற் போட்ட புடைவை அரைமணி நேரத்தில் அப்பளமாய் நிமிர்ந்து நிற்கும். முற்றத்து முருங்கை இலை சுருண்டு விழும். பகல் பத்து மணிக்கே தெருவில் ஆளரவம் அடங்கிவிடும். பிற்பகலில் கடற்காற்று எழுந்து வந்து இதனோடு மல்லுக்கு நிற்பதுண்டு. சில நாள் வெல்லும். பல நாள் தோற்கும்.

எங்கள் நாட்டில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று என் மூத்த மகள் ஒருமுறை கேட்டாள். "இரண்டும் வறுத்தவைதானே" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

2018ஆம் ஆண்டில் ரமழான் மாதம் இந்தக் கச்சானைக் கைப்பிடித்துக்கொண்டு வந்தது. பிறைக்கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்களே. ஆதலால் ரமழான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வருகிறது. அவ்வாண்டு மே மாத நடுவில் தலைநோன்பு. பூமத்திய ரேகைக்கு அண்மையில் வாழும் எமக்கு நோன்பின் நேரம் பெரிதும் மாறுவதில்லை. மாரியிற் பதின்மூன்று மணி, கோடையிற் பதினான்கு மணி, அவ்வளவே. அதே மாதங்களில் வட ஐரோப்பாவிற் பதினெட்டு மணிக்கு மேலும் பசித்திருந்தோரை எண்ணினால் முறையிட எமக்கு வாயில்லை. ஆயினும் தாகம் மணிக்கூட்டைப் பார்த்து வருவதில்லை. காற்றைப் பார்த்து வருகிறது.

அந்த ரமழானில் என் இளைய மகனுக்கு மூன்று மாதம்.

பாலூட்டும் தாய்க்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்பது எம் பெண்கள் யாவரும் அறிந்த சங்கதி. பிரயாணிக்குத் தொழுகையிற் பாதியையும், கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பையும் இறைவன் இலகுவாக்கினான் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபின்படி, பிள்ளைக்காக மட்டும் அஞ்சி நோன்பை விட்டவள் பின்னர் அதைக் களாச் செய்யவும் வேண்டும்; விட்ட நோன்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்துத் தானியத்தை ஏழைக்கு வழங்கவும் வேண்டும். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. இவையெல்லாம் ஓதற்பள்ளியிலேயே நான் படித்தவை.

படித்திருந்தும் நோன்பு வைத்தேன். காரணம் பக்தி என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அடுத்த வளவு ராத்தா நான்கு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தபோதும் ஒரு நோன்பையும் விடவில்லையாம். இதை அவ எனக்கு நேரே சொல்லவில்லை. வேலிக்கு மேலால் வேறொருவரிடம் சொன்னா. எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னா என்பது என் எண்ணம். பாலூட்டிக்கொண்டே நோன்பு நோற்று, தமக்கோ பிள்ளைக்கோ குறையேதும் வராத தாய்மாரும் இருக்கத்தான் செய்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி என்று நம்பினேன்.

முதல் மூன்று நோன்புகள் எப்படியோ கழிந்தன. நான்காம் நாள் முதல் அஸர் நேரத்தில் தலை சுற்றிற்று. மகன் மார்பில் வாய் வைப்பதும், சற்று நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரிடுவதுமாக இருந்தான். நாளொன்றுக்குப் பத்துத் துண்டு நனைப்பவன் நான்கோடு நிறுத்திக்கொண்டான். "வெயிலுக்குத் தொண்டை காயுது, ரெண்டு கரண்டி சீனித்தண்ணி குடு" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். ஆறாம் நாள் கிளினிக்கில் அவனை நிறுத்தபோது, அட்டையில் மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது. மருத்துவிச்சி அந்தப் புள்ளியைப் பேனாவால் இரண்டு முறை அழுத்தி வைத்தார்.

சீனித்தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டேன். "ஆறு மாதம் முடியும் வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். எவ்வளவு வெயில் எறித்தாலும் அவருக்கு வேண்டிய தண்ணீர் உங்கள் பாலிலேயே இருக்கிறது" என்றார். பிறகு, "நீங்கள் நோன்பா?" என்று மட்டும் கேட்டார். விடு என்றும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. அவருடைய மார்க்கம் வேறு. அந்த மரியாதை அவருக்கு இருந்தது. ஓட்டோவில் வீடு திரும்பும்போது அவர் சொன்னதே மனத்திற் சுழன்றது. அப்படியானால் இந்தப் பிள்ளையின் தண்ணீர் என் தொண்டை வழியாகத்தான் போக வேண்டும். வேறு வாய்க்கால் அதற்கு இல்லை.

இவ்விடத்தில் என் உம்மாவையும் எங்கள் கிணற்றையும் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியிற் குடி என்பது தாய்வழியே வருவது. வீடும் பெண்பிள்ளைக்கே சீதனமாகச் சேரும். மாப்பிள்ளைதான் வந்து புகுவார். ஆகவே பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தாய் எப்போதும் கூப்பிடு தூரத்தில் இருப்பா. இது பெரும் பாக்கியம். பெரும் தொல்லையுங்கூட, நாம் செய்வது ஒன்றையும் அவவின் கண்ணுக்கு மறைக்க இயலாது.

கிணறோ கடற்கரை மணலில் தோண்டியது. வயற்பக்கம் கல்லோயாத் திட்டத்தின் சேனாநாயக்க சமுத்திரத்து நீர் வாய்க்காலில் ஓடும். கரையோரத்து மணற்கிணறுகளுக்கு அந்தப் பேறு இல்லை. மாரியில் விழுந்த மழைதான் மணலுக்கடியில் தேங்கி, உப்புநீரின் மேல் ஆடைபோல் மிதந்துகொண்டிருக்கும். நன்னீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால், அடியிலுள்ள உப்புநீர் 40 அடிவரை மேலேறக்கூடும் என்பது நிலத்தடி நீரை ஆராய்வோரின் கணக்கு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சற்று உள்ளே இருந்ததால் எங்கள் வீட்டில் உயிர்கள் தப்பின, கிணறு தப்பவில்லை. ஊரெல்லாம் இயந்திரம் வைத்துக் கிணறு இறைத்தார்கள். இறைக்க இறைக்க அடியிலிருந்து உப்பே மேலேறியது. உம்மா இரண்டு நாள் பார்த்தா. மூன்றாம் நாள் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னா. "உடுங்க. அது உறங்கட்டும். அல்லாஹ் மழைய அனுப்புவான்" என்றா. இரண்டு மாரி கழிந்துதான் அந்தக் கிணற்று நீர் நாவுக்கு இதமாயிற்று. இப்போது குழாய்நீர் பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட்டது. ஆனாலும் உம்மா தேநீருக்கு இன்றும் கிணற்று நீரைத்தான் மொள்ளுவா.

பொறுமை என்றால் என்ன என்பதை நான் கற்றது அந்தக் கிணற்றடியில். ஆதலால் கிளினிக்கிலிருந்து வந்த அன்று, "இன்னும் கொஞ்சம் ஸபர் செய்து பார்க்கிறேன் உம்மா" என்றபோது, அவ மெச்சுவா என்றே எதிர்பார்த்தேன். உம்மாவுக்குக் கோபம் வந்தது.

"கிணத்துக்கு ஸபர் செய்யலாம் மகள், புள்ளட தாகத்துக்கு ஸபர் செய்ய ஏலாது. ஹாஜரா உம்மா அந்தப் பாலவனத்தில ஸபர் எண்டு குந்திக்கிட்டா இருந்தா? ஓடினா. ஏழு தரம் ஓடினா."

நான் வாயடைத்துப் போனேன். அன்னை ஹாஜராவின் சரிதையைச் சிறுவயது முதல் எத்தனையோ பயான்களிற் கேட்டிருக்கிறேன். கணவர் இப்ராஹீம் நபி, நீரும் நிழலுமற்ற பள்ளத்தாக்கில் அவரையும் பால்குடிப் பிள்ளையையும் விட்டுச் செல்கிறார். இறைவனின் கட்டளைதானா என்று கேட்டறிந்து, அப்படியாயின் அவன் எம்மைக் கைவிடமாட்டான் என்று அவர் அமைகிறார். தோல்பையின் நீர் தீர்ந்தது, பாலும் வற்றியது. பயான் செய்வோர் அந்த நம்பிக்கையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவர்; அதற்குப்பின் வந்த ஓட்டத்தை இரண்டு வாக்கியத்தில் முடிப்பர். உம்மா அதைத் தலைகீழாக நிறுத்தினா. கைவிடமாட்டான் என்று நம்பியவள்தானே ஸபா குன்றுக்கும் மர்வா குன்றுக்குமாக ஓடினாள்! ஓடிய வழியில் அவளுக்கு ஒரு சொட்டும் கிடைக்கவில்லை. நீர் பிறந்தது பிள்ளை கிடந்த இடத்தில்.

இன்று அந்த வழி, ஏறத்தாழ 450 மீற்றர் நீளமுள்ள, பளிங்கு பதித்துக் குளிரூட்டிய கூடம். ஏழு முறையும் சேர்த்தால் மூன்று கிலோமீற்றருக்கு மேல். நடுவே பச்சை விளக்குகளுக்கிடையில் ஆண்கள் விரைந்தோட வேண்டும். பெண்கள் நடந்தாற் போதும். ஓடிக் காட்டியவள் ஒரு தாய். ஓடிப் பார்ப்பவர்கள் ஆண்கள்! அந்தப் பள்ளத்தாக்கின் வெயில் மட்டும் மாறவில்லை. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 பாகையைத் தாண்டியது. 1,300க்கு மேற்பட்ட யாத்திரிகர்கள் மாண்டனர். நிழலும் வாகனமும் கிட்டாமல் வெயிலிலேயே நெடுந்தூரம் நடந்தவர்கள் அவர்களிற் பலர். செய்தியைப் படித்தபோது, ஒரு துருத்தி நீருடன் அங்கே இருந்தவளைத்தான் நினைத்தேன்.

ஏழாம் நோன்பன்று காலை பத்து மணியளவில் உம்மா செம்பு நிறையக் கிணற்று நீர் கொண்டுவந்து வைத்தா. மகனை மடியிற் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தேன். நோயில்லை, பயணமில்லை, ரமழான் மாதத்துப் பகலில், ஊரே வாய்கட்டி இருக்கும்போது, தெளிந்த புத்தியோடு குடிப்பதற்குக் கை எழவில்லை. வாசலில் என் மகள் நின்றாள். அவளுக்கு வயது எட்டு. அன்று அவளும் நோன்பு. முழு நோன்புக்கு அடம்பிடித்து, அரை நோன்புக்குச் சம்மதித்திருந்தாள்.

"உம்மா, நீங்க நோன்பில்லையா?"

"தம்பிக்குத் தண்ணி வேணும் மகள். அவருக்கு நான்தான் குடிக்கணும்."

அவள் செம்பையும் பார்த்தாள், தம்பியையும் பார்த்தாள். "அப்ப கெதியாக் குடிங்க" என்றாள்.

குடித்தேன். கண்ணீர் வந்தது. அது வெட்கத்தாலா நிம்மதியாலா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. அன்று முதல் அந்த மாதம் முடியும்வரை, தம்பி அழும் போதெல்லாம் செம்பைச் சுமந்து வந்தவள் அவளே. கிணற்றடிக்கும் தொட்டிலுக்குமாக ஒரு நாளில் எத்தனை நடை நடந்தாள் என்று நான் எண்ணவில்லை. தன் உதடு காய்ந்திருக்க, சிந்தாமல் ஏந்தி வருவாள். நான் குடித்து முடிக்கும்வரை மறுபக்கம் திரும்பி நிற்பாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரவிற் பள்ளியில் தராவீஹ் தொழுகை நடக்கும்போது நான் வீட்டில் தனியே தொழுவேன். ஸூஜூதில் தலை வைத்ததும் மகன் அழுவான். இது எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவான சாமர்த்தியம். முன்பெல்லாம் எரிச்சல் வரும். அக்காலத்தில்தான் அந்த நபிமொழி நினைவுக்கு வந்தது: தொழுகையை நீட்ட எண்ணி நிற்கும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பின்வரிசையில் ஒரு பிள்ளையின் அழுகையைக் கேட்டால், அதன் தாய் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிவிடுவார்களாம். முன்னே நின்று தொழுவிப்பவரின் செவியே தொட்டிற் பக்கம் இருந்ததென்றால் என் செவி இருந்ததில் என்ன குற்றம்? சின்னச் சூராவாக ஓதி, தொழுகையைச் சுருக்கி முடித்து எழுந்து போவேன்.

பெருநாளுக்குள் அட்டையின் கோடு மறுபடி ஏறத் தொடங்கிற்று. விட்ட நோன்புகளுக்கான அரிசியை உம்மாவே அள்ளினா. அவவின் கை சிறியது. அளவு குறைந்துவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பிடி போட்டா. அதையும் என் மகள் உட்கார்ந்து எண்ணினாள். அடுத்த வளவு ராத்தா, அந்த அரிசியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைத் தானாகவே ஏற்றுக்கொண்டா. வேலிக்கு மேலாற் கேட்ட பேச்சைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்கழி மழை பிடித்துக்கொண்டதும் களா நோன்புகளைத் தொடங்கினேன். அப்போது மகன் சோறும் தின்னத் தொடங்கியிருந்தான். கிணறு குனிந்து மொள்ளும் அளவுக்கு நிரம்பியிருந்தது. தாகம் என்பதே தெரியவில்லை. துணையில்லாமல் நோற்கும் நோன்பு அது. பள்ளிக் கஞ்சி இல்லை, ஸஹருக்கு எழுப்ப ஊரில் அரவமில்லை. கடைசி நோன்பன்று மாலை, ஒரு பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு திண்ணையில் மஃரிபுப் பாங்குக்காகக் காத்திருந்தேன். மகன் தவழ்ந்து வந்து மடியைப் பிடித்து எழுந்தான். பீங்கானிலிருந்த பழத்தை எடுத்து, கையெல்லாம் பிசைந்து, என் வாய்க்குள் திணிக்க வந்தான்.

"தம்பி, இன்னும் பாங்கு சொல்லல்ல!" என்று ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள் மகள்.

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பின்பு பழத்தைத் தன் வாயிலே போட்டுக்கொண்டான். கொட்டை தொண்டைக்குள் போய்விடுமென்று மகள் பதறி அவன் வாய்க்குள் விரலை விட, அவன் கடித்தான், அவள் அலறினாள். அந்த ஆரவாரத்தில் பாங்கு சொன்னது எனக்குக் கேட்கவில்லை. உள்ளேயிருந்து உம்மாதான் கூப்பிட்டுச் சொன்னா.