ஜாதிக்காய் விற்ற தலைநகரம்

நம் மளிகைக் கடைகளில் ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கிராம்பு மூன்றும் அளவில் குறைவாகவும் விலையில் கூடுதலாகவும் விற்பவை. இன்று ஜாதிக்காய் கேரளத்திலிருந்தே வருகிறது. ஆனால் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக் காலம் இச்சரக்கின் உலக விலை ஓர் ஊர் வியாபாரிகளின் கையில் இருந்தது. அந்த ஊர் நெதர்லாந்தின் தலைநகரான ஆம்ஸ்டர்டாம். ஒல்லாந்தர் என்று நம் முன்னோர் அழைத்த அவர்கள், அந்த வியாபாரத்துக்கு வேண்டிய மாற்றுச் சரக்கை நமக்குப் பக்கத்திலுள்ள பரங்கிப்பேட்டையிலும் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்திலும் கொள்முதல் செய்தார்கள்.

ஆம்ஸ்டர்டாம் தலைநகர்தான், ஆனால் அரசாங்கம் அங்கே இல்லை. பாராளுமன்றம், அமைச்சகங்கள், உச்ச நீதிமன்றம் எல்லாம் ஹேக் நகரில். மன்னர் பொறுப்பேற்கும் சடங்கு மட்டும் தலைநகரில் நடக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசியல் சட்டம். இப்போதைய மன்னர் 2013 ஏப்ரல் 30 அன்று அங்கேதான் உறுதிமொழி எடுத்தார். சடங்கு நடந்த தேவாலயத்தை அடுத்துள்ள அரண்மனை, முதலில் ஊர் வணிகர்கள் நகராட்சி மன்றத்துக்காகக் கட்டி 1655-இல் திறந்த கட்டடம். 1808-இல்தான் அதில் அரசர் குடிபுகுந்தார். கடைத்தெருவின் பலத்தில் தலைநகரான ஊர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அந்தப் பலம் எப்படி வந்தது? 1602-இல் ஆறு ஊர்களின் வணிகர்கள் சேர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார்கள். மொத்த முதல் சுமார் 64 லட்சம் கில்டர். அதில் பாதிக்கு மேல் ஆம்ஸ்டர்டாம் ஒன்றே போட்டது. அவ்வூரில் பணம் போட்டவர்கள் 1,143 பேர். பெரிய முதலாளிகள் மட்டுமல்ல, ஓர் இயக்குநர் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் தன் சேமிப்பிலிருந்து 100 கில்டர் போட்டிருக்கிறாள். தனித்தனியே ஒரு படகுகூட வாங்க முடியாதவர்களின் காசு சேர்ந்து கப்பல்களாகியது.

ஆனால் காசு போட்டவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருந்ததா என்றால், இல்லை. நிர்வாகம் பதினேழு பேரிடம். அவர்களில் எட்டுப் பேர் ஆம்ஸ்டர்டாம்காரர்கள். பத்தாண்டு முடிந்ததும் கணக்குக் காட்டுவோம், வேண்டாதவர் முதலை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1612 வந்தது, கணக்கு வரவில்லை. முதலையும் திருப்பித் தரவில்லை. பங்கை வேறொருவருக்கு விற்பது ஒன்றே வழி என்றாகி, பங்குச் சந்தை அதனால் வளர்ந்தது. 1610-இல் முதல் லாபப் பங்கு கொடுத்தார்கள். பெரும்பகுதியைப் பணமாகத் தராமல் ஜாதிபத்திரியாக நிறுத்துக் கொடுத்தார்கள்! ஒரே நேரத்தில் எல்லோரும் அதே சரக்கை விற்கக் கிளம்பினால் விலை என்னவாகும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, இதில் நம் கரைக்கு என்ன வேலை? கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த கிழக்குத் தீவுகளில் ஐரோப்பியச் சரக்கை வாங்க ஆளில்லை. அங்கே கேட்டது சோழமண்டலக் கரையின் சாயத்துணி. எனவே வெள்ளியைக் கொண்டுவந்து இங்கே துணி வாங்கு, துணியைக் கொடுத்து அங்கே வாசனைச் சரக்கு வாங்கு, அதை ஊருக்குக் கொண்டுபோய் விற்பனை செய் என்பதே அவர்கள் போட்ட கணக்கு. தேவனாம்பட்டினத்தில் செஞ்சி நாயக்கர் அனுமதியுடன் 1608 வாக்கில் இறங்கினார்கள். 1613-இல் பழவேற்காட்டில் கோட்டை எழுந்தது. 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள்.

இதெல்லாம் நேர்மையான வியாபாரமாகவே நடந்தது என்று எழுத நம் கை வரவில்லை. ஜாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளை 1621-இல் பிடித்தபோது அங்கிருந்த மக்களில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டோ, பட்டினியிலோ, நாடு கடத்தப்பட்டோ அழிந்தனர். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் பஞ்சம் வந்தபோது, நம் ஜனங்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் ஜாவாவுக்கும் ஏற்றினார்கள். அரிசிக்கு விலை இல்லாதவன் தன்னையே விலையாக வைத்தான். அடிமை வாணிபத்தில் நகருக்கிருந்த பங்குக்காக 2021 ஜூலை 1 அன்று ஆம்ஸ்டர்டாம் மேயர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

நம் வணிகர்கள் கைகட்டி நிற்கவில்லை. தறிக்காரருக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கித் தருபவர்கள் அவர்களே. கொடுத்த பணம் வராமல் போனால் நஷ்டம் யார் தலையில் என்ற தகராறு ஓயாததால், 1660-களிலிருந்து ஒல்லாந்தர் தங்கள் துறைமுகங்களில் உள்ளூர் வணிகர்களைக் கூட்டுமுதல் சங்கங்களாகச் சேர்த்தார்கள். ஆளுக்கு இத்தனை பங்கு, ஒரே ஒப்பந்தம், ஒரே கொள்முதல், பங்குக்குத் தக்க லாபம். சென்னையில் ஆங்கிலேயரும் பின்னர் இதையே கைக்கொண்டார்கள். பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் எங்கும் இச்சங்கங்கள் இருந்தன.

இதில் வியாபாரிக்கு லாபமும் உண்டு, கட்டும் உண்டு. ஒருவரோடொருவர் விலையை ஏற்றிக்கொண்டு தறிக்காரனிடம் ஓடவேண்டியதில்லை. பெரிய ஆர்டரைச் சிறிய கையும் எடுக்கலாம். ஆனால் வாங்குபவன் ஒருவனே. தரம் போதாதென்று அவன் துணியைத் தள்ளினால் வேறு வாசல் இல்லை. மொத்த வியாபாரத்தில் நரைத்தவர்கள் நாம். ஒரே கம்பெனியின் ஏஜென்சியை மட்டும் நம்பிக் கடை நடத்தியவர்கள், அந்தக் கம்பெனி கமிஷனைக் குறைத்த மாதம் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறோம். உறுப்பினர்கள் சேர்ந்து ஒரே லாரியில் சரக்கு இறக்குவதைப் பற்றிப் பேசும்போது, சேர்வதோடு இரண்டு கேள்விகளையும் கேட்டுக்கொள்வது நல்லது: வரவு செலவை மாதாமாதம் யார் காட்டுவது, விலகுகிறவர் முதலை எப்படி எடுப்பது?

அந்தப் பெரிய கம்பெனி கடனில் மூழ்கி 1799-உடன் முடிந்தது. நாற்றுகளை 1770-இல் பிரெஞ்சுக்காரர் மொரீஷியசுக்குக் கடத்திவிட்டதால் ஜாதிக்காயின் தனியுரிமை அதற்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது. தேவனாம்பட்டினத்தில் 1690-இல் ஆங்கிலேயர் கோட்டை வாங்கிக் குடியேறினார்கள். நாகப்பட்டினத்தை 1781-இல் பிடித்தார்கள். இக்கரையில் ஒல்லாந்தரிடம் மிஞ்சியிருந்த இடங்களும் 1825-இல் ஆங்கிலேயர் கைக்குப் போயின. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை மதிலும், பழவேற்காட்டில் எழுத்துப் பொறித்த கல்லறைகளும் இன்னும் இருக்கின்றன. சென்னைக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள் கல்பாக்கம் வழியே போனால் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்த்து வரலாம்.