நூலும் நிறமும்: ஒரு மாதிரிக் குறிப்பேட்டை முன்வைத்து

தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அவன் மதியை அவள் கதிராகவும் உருவகித்து நன்னூற் பாயிரம் கூறுவதைத் தமிழ் பயில்வோர் அனைவரும் அறிவர். இவ்வுருவகத்தை வகுப்பறையில் பல்லாண்டுகளாக விளக்கி வந்தவன் யான். எனினும், கதிர் எங்ஙனம் சுழலும், பஞ்சு எங்ஙனம் இழையாகும் என்பதை அருகிருந்து காணும் எண்ணம் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

அண்மையில் துணியியல் பயிலும் மாணவி ஒருவர் தம் மாதிரிக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து, அதிலுள்ள தொழிற்சொற்களுக்குத் தமிழ் கூறுமாறு வேண்டினார். அவர் கோவளத்தைச் சேர்ந்தவர். ஏட்டின் பக்கந்தோறும் இரண்டு விரற்கடை அகலத்தில் துணித்துண்டுகள் ஒட்டப்பெற்றிருந்தன. சில ஒளிர்ந்தன, பல மங்கிக் கிடந்தன. செக்கச் செவேலென வந்திருக்க வேண்டிய ஒரு துண்டு பழம்புளியின் நிறத்தில் இருந்தது. "தவறிப்போனவற்றைக் கிழித்துவிட்டு, நன்றாக வந்தவற்றை மட்டும் ஒட்டித் தரலாமா, ஐயா?" என்று அவர் வினவினார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவ்வினா என்னைச் சில நூல்களைத் தேடிப் படிக்கச் செய்தது. அதன் பயனே இக்கட்டுரை.

கோவளம் என்றவுடன் இன்று பலர்க்கும் நினைவுக்கு வருவன கடற்கரையும், தமீமுல் அன்சாரி தர்காவும், அண்மைக் காலமாக இளைஞர் விளையாடும் அலைச்சறுக்குமேயாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வூர் ஒரு துணித் துறைமுகமாக விளங்கியது. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் இவ்விடத்தைத் தம் பெயரால் துறைமுக நகராக்கினார். இன்றைய பெல்ஜியத்தின் கடற்கரையிலுள்ள ஆஸ்டெண்டு நகரைச் சார்ந்த வணிகர் இங்கே பண்டகசாலை அமைத்தனர். அவர்தம் கம்பெனி 1722இல் பேரரசரின் சாசனம் பெற்றது. 1752இல் கிளைவின் படை இங்கிருந்த கோட்டையைக் கைப்பற்றியது. பின்னர் அது தகர்க்கப்பட்டது. இதற்கு வடக்கே பழவேற்காடு, தெற்கே சதுரங்கப்பட்டினம் ஆகிய இரண்டும் டச்சுக்காரர் துணி வாங்கிய துறைகள். மரக்காயர், சூலியா வணிகர் முதலியோர் இக்கரையின் துணிகளைக் கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கொண்டு சென்றனர். இத்தனை நாட்டார் கடல் கடந்து வந்து விரும்பி வாங்கியது எதை? அதற்கு விடை அம்மாணவியின் முதற் பக்கத்திலேயே இருந்தது.

முதற் பக்கத்தில் நிறம் இல்லை. வெறும் வெள்ளை நூல்களே இருந்தன. நூலின் பருமனை நெசவாளர் 'நம்பர்' என்பர். 840 கெசம் நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு எடையில் எத்தனை அடங்குகின்றனவோ, அவ்வெண்ணே அந்நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் நூலெனில் ஒரு பவுண்டில் 33,600 கெசம் இழை உண்டு; நூறாம் நம்பர் எனில் 84,000 கெசம். எண் கூடக் கூட இழை மெலியும். பொருநராற்றுப்படை, இழை சென்ற வழியைக் கண்ணால் காண இயலாத ஆடையைப் பாம்பின் உரியோடு ஒப்பிடுகிறது. அது புலவரின் மிகையென்றே யான் எண்ணியிருந்தேன். உயர்ந்த நம்பர் நூலால் நெய்த துண்டொன்றை அம்மாணவி என் உள்ளங்கையில் வைத்தபோது அவ்வெண்ணம் மாறியது.

பருமனுக்கு அடுத்தது முறுக்கு. முறுக்குக் குறைந்த நூல் மெத்தென்றிருக்கும். ஆயின் எளிதில் அறும். மிகையாக முறுக்கினால் நெய்த துணி தானே சுருங்கிச் சுரசுரப்பாகும். நூலை வலப்புரியாகவும் முறுக்கலாம், இடப்புரியாகவும் முறுக்கலாம். ஒரே சாயத்தில் தோய்த்த இருவகை நூலையும் மாற்றி மாற்றிப் பட்டை பட்டையாகப் பாவில் இட்டு நெய்தால், துணியில் மெல்லிய நிழற்கோடுகள் தோன்றுகின்றன. நிறம் ஒன்றே. முறுக்கின் திசைக்கேற்ப ஒளி வேறுபட்டுத் திரும்புவதால் கண் அதனை இரண்டாகக் காண்கிறது. நிறம் என்பது சாயத் தொட்டியிலேயே முடிந்துவிடுவதன்று என்பதை இச்சிறு சோதனை காட்டிவிடுகிறது.

அடுத்து, சாயமிட்ட இழைகள் ஒன்றையொன்று குறுக்கிடும்போது நேர்வதைக் காண்போம். சிவப்புப் பாவில் மஞ்சள் ஊடை பாய்ந்தால் தொலைவிலிருந்து காண்பார்க்கு அது செம்மஞ்சள். இழை மெலிந்ததாயின் இரு நிறமும் நன்கு கலந்து தோன்றும். பருமனாயின் புள்ளி புள்ளியாய்ப் பிரிந்து நிற்கும். நீலமும் பச்சையும் கூடிப் பட்டில் மயில்கழுத்து ஆவதைக் காஞ்சிபுரத்துப் புடவைகளில் கண்டிருப்பீர்கள். சிவப்பும் பச்சையுமோ பட்டில் மின்னும். பருத்தியில் மங்கிய பழுப்பாகி விடும். பட்டு இழை வழவழப்பானது. ஒளியைச் சாய்வுக்கேற்பத் தனித்தனியே திருப்பவல்லது. பருத்தி இழையின் பஞ்சு மயிர் ஒளியைச் சிதறடிப்பதால் இரு நிறமும் ஒன்றையொன்று தின்று விடுகின்றன.

இதனை முறையாக ஆராயத் துணியியல் மாணவர் எட்டு நிறங்களைப் பாவிலும், அவ்வெட்டையே அதே வரிசையில் ஊடையிலும் இட்டு ஒரு சதுரத் துணி நெய்வர். அதில் 64 கட்டங்கள் அமையும். எட்டுக் கட்டங்கள் தூய நிறம்; எஞ்சிய 56ம் கலப்பு. ஒன்றுக்கு ஒன்று என்னும் எளிய நெசவில் 'சிவப்புப் பாவு, நீல ஊடை' என்பதும் 'நீலப் பாவு, சிவப்பு ஊடை' என்பதும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றுமாதலால், உண்மையில் கிடைக்கும் கலப்புகள் 28 தாம். பாவையோ ஊடையையோ மிகுதியாக மேலே காட்டும் சாய்வரி நெசவில் அவை வேறுபட்டு 56ஆகவே நிற்கும்.

இக்கணக்கை அம்மாணவி விளக்கிக் கொண்டிருந்தபோது, யான் வீட்டில் உடுத்தும் கைலி நினைவுக்கு வந்தது. பாலியகாட் கைலி என்று நாம் வழங்கும் கட்டம்போட்ட துணியின் பெயர் பழவேற்காட்டினின்றும் பிறந்தது. அதுவும் பாவிலும் ஊடையிலும் நிறங்களை வரிசையாக இட்டு, அவை கூடுமிடமெல்லாம் புதுநிறம் பிறப்பிப்பதே. கல்லூரியில் 'நிறக்கலப்பு அட்டவணை' என்று கற்பிக்கப்பெறுவதைப் பழவேற்காட்டு வழிவந்த நெசவாளர் பல தலைமுறைகளாக நம் இடுப்பில் உடுத்தி அனுப்பியிருக்கின்றனர்!

இனிச் சாயம். பழம்புளி நிறத்துண்டின் வழக்கு இங்கேதான் தீர்கிறது.

பருத்தி எளிதில் சாயம் ஏற்பதன்று. வேர்ச்சாயத்தில் வெறும் துணியைத் தோய்த்தால் அடுத்த வெளுப்பிலேயே போய்விடும். சாயத்தை இழையில் ஊன்றச் செய்ய இடையே ஒரு பொருள் வேண்டும். பாடநூலார் அதனை நிறமூன்றி என்பர். இக்கரையின் சாயக்காரர் முதலில் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்தனர். கடுக்காயின் துவர்ப்பு உலோக உப்பைப் பிடித்துக் கொள்ளும். பாலின் கொழுப்பு, எழுதுகோலால் இடும் நீர் பரவாமல் தடுக்கும். பின்னர்ப் படிகார நீரால் எழுதி, சாயவேர் இட்ட நீரில் காய்ச்சினால் எழுதிய இடம் மட்டும் சிவக்கும். இரும்பையும் வெல்லத்தையும் புளிக்க வைத்த நீரால் எழுதினால் கறுக்கும். இரண்டையும் கலந்தால் கருஞ்செம்பழுப்பு. சாயத் தொட்டி ஒன்றே, நிறங்கள் பல.

சாயவேர் என்பது கடற்கரை மணலில் வளரும் சிறு செடியின் வேர். நாட்டு மருந்துக் கடைக்காரர் அச்செடியை இம்பூறல் என்பர். அதன் வேர்ப்பட்டையில் அலிசரின் என்னும் செஞ்சாயம் உள்ளது. சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் அச்செம்மை நன்கு அமையும். இந்த ஊர்த் துணி சிவக்கும், அந்த ஊர்த் துணி சிவக்காது என்னும் வழக்குக்குக் கிணற்று நீரும் ஒரு காரணம் எனலாம். நம் மாணவி மருந்துக் கடையில் வேர் வாங்கி, படிகாரமும் அளந்து இட்டு, எல்லாம் முறையாகச் செய்துவிட்டு, வீட்டிலிருந்த இரும்புச் சட்டியில் காய்ச்சியிருக்கிறார். சட்டியின் இரும்பு படிகாரத்தோடு கூடித் தன் வேலையைக் காட்டிவிட்டது. முன்னோர் வேண்டுமென்றே செய்த மூன்றாம் நிறத்தை இவர் அறியாமலே செய்துவிட்டார். மண்சட்டியில் காய்ச்சிய அடுத்த துண்டு சிவந்தே இருந்தது. இவ்விரு துண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கே நிகழ்ந்தது புலப்படும். சிவந்ததை மட்டும் பார்ப்பவர் எதையும் அறியார்.

இவ்வுண்மையை உணர்ந்த ஒருவர் 1734ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் இருந்தார். பொலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் அவர். பாரிசிலிருந்த டுஃபே என்னும் வேதியியலறிஞர் வேண்டியதற்கிணங்க, அவர் சாயக்காரர் அருகிலிருந்து ஒரு துணி எழுதப்படுவதைத் தொடக்கம் முதல் இறுதி வரை கவனித்தார். ஒவ்வொரு நிலை முடிந்ததும் அத்துணியினின்றும் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்போடு இணைத்தார். அவ்வாறு இணைத்த பதினொரு துண்டுகளும் பாரிசு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. முடிந்த துணியை மட்டும் அனுப்பியிருந்தால் அழகான துணி ஒன்று கிடைத்திருக்கும், அவ்வளவே. மங்கியும் அழுக்கேறியும் நிற்கும் இடைநிலைத் துண்டுகளே தொழிலின் மறையை வெளியிட்டன. 1742இல் கேர்து என்னும் ஏசு சபைப் பாதிரியார் இக்கரையிலிருந்து எழுதிய கடிதமும் இதே தொழிலை விரித்துரைக்கிறது. (வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்குமுள்ள உறவைப் பின்னாளில் எடுத்துக்காட்டியவரும் இவரே என்பது மொழியியல் பயில்வார்க்கு உவகை தரும்.)

நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. அத்தொழிலைச் செய்த கைகளுக்குரியவர் பெயர் ஒன்றேனும் பொலியூவின் ஏட்டால் நமக்குத் தெரிய வரவில்லை. 1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பார் இந்தியத் துணிகளிலிருந்து 700 மாதிரிகளை வெட்டி, 18 தொகுதிகளாகக் கட்டி, அத்தகைய 20 அடுக்குகளை வெளியிட்டார். பெரும்பாலானவை பிரிட்டனின் நெசவு நகரங்களுக்குச் சென்றன. இந்தியர் எதை விரும்பி உடுத்துகின்றனர் என்பதை அங்குள்ள ஆலையார் அறிந்து நெய்து விற்பதற்கே அவ்வேற்பாடு. மாதிரி ஏடு என்பது விளையாட்டுப் பொருளன்று. அதை வைத்திருப்பவர் கையில் தொழில் இருக்கிறது. 1868இல் செருமானிய அறிஞர் இருவர் அலிசரினை ஆய்வுக்கூடத்திலேயே செய்யும் வழி கண்டனர். சாயவேர் தோண்டுவோர்க்கு வேலை படிப்படியாக இல்லாமற் போயிற்று.

ஆக்கத்திறன் என்பது பற்றியும் சில சொல்ல வேண்டும். அது வானத்திலிருந்து வருவது என்பார் கருத்து எனக்கு உடன்பாடன்று. அன்னி ஆல்பர்சு என்னும் பெண்மணி 1922இல் செருமனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். நெசவுப் பிரிவு அவர் விரும்பிக் கேட்டதன்று. ஆயினும் தறியில் அமர்ந்தபின், இந்த இழை என்ன செய்யும் என்று ஒவ்வொன்றையும் வினவிப் பார்த்தார். 1930இல் அவர் பட்டயத்துக்காக நெய்தது ஓர் அரங்கின் சுவர்த்துணி. ஒருபுறம் ஒலியை உறிஞ்சும் பருத்தி. மறுபுறம் ஒளியைத் திருப்பும் செல்லோபேன். பின்னர் அமெரிக்காவில் ஆசிரியரானபோது, புல், காகிதம், சோளமணி ஆகியவற்றைக் கையால் தடவி அறியுமாறு தம் மாணவரைப் பணித்தார்.

இதனினும் வியப்பானது நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மகளிரின் செயல். நம் கட்டம்போட்ட சென்னைக் கைக்குட்டைத் துணியை அவர்கள் நெடுங்காலமாக வாங்கி உடுத்தினர். அதற்கு 'இஞ்சிரி' என்று பெயருமிட்டனர். வாங்கியதை அப்படியே உடுத்தாமல், கூரிய கத்தியால் குறிப்பிட்ட இழைகளை மட்டும் அறுத்து உருவி, புதுக்கோலம் ஒன்றைத் துணிக்குள்ளிருந்தே வெளிக்கொணர்ந்தனர். நம் நெசவாளர் இழை சேர்த்துச் செய்ததன்மேல் அவர்கள் இழை நீக்கிச் செய்தனர். எந்த இழையை எடுத்தால் எந்நிறம் மேலெழும் என்பதை அறியாதவர் இதனைச் செய்ய இயலுமா?

மாணவர்கள் கோவளத்திற்குச் சற்று வடக்கே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவுக்கு ஒருமுறை செல்லலாம். 1996இல் திறக்கப்பெற்ற அவ்வளாகத்தில் காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு ஒன்றும் உண்டு. சென்றால் துணியை மட்டும் பாராமல், பாவு, ஊடை, விழுது, பண்ணை, நாடா, தார் என்னும் சொற்களையும் கேட்டறிந்து வருக. அகராதியில் தேடி யான் தந்த சில சொற்களைவிட அம்மாணவி தறிக்காரர் ஒருவரிடம் கேட்டு எழுதிவந்தவையே பொருத்தமாக இருந்தன.

குறிப்பேட்டிலிருந்து அவர் எதையும் கிழிக்கவில்லை. பழம்புளி நிறத்துண்டின் கீழே இப்போது இவ்வாறு எழுதப்பட்டுள்ளது: "நூல் 40. கடுக்காய், பால், ஓர் இரவு. படிகாரம். சாயவேர். இரும்புச் சட்டி."