ஷர்லி: ஒரு பெயரின் சரித்திரம்

ஷர்லி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இன்று எவரும் ஒரு பெண்ணையே நினைப்பர். ஆயினும் ஆதியில் அது ஆளின் பெயரே அன்று, ஊரின் பெயர். காட்டினிடையே மரங்களை வெட்டி நீக்கியமையால் வெளிச்சம் பரந்த வெளியிடத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லாகிய அது, டார்பிஷயர், சர்ரே, ஹாம்ப்ஷயர் முதலிய பிரதேசங்களில் ஊர்ப்பெயராக நிலைத்தது. நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தை ஜயித்த பின்னர், நிலவுடைமையாளர் தம் ஊரின் பெயரையே குலப்பெயராகச் சூடிக்கொள்ளும் வழக்கம் பரவவே, டார்பிஷயரில் அவ்வூருக்கு உடையவராயிருந்தோரும் ஷர்லி வம்சத்தவர் ஆயினர். 1711-இல் பெரர்ஸ் பிரபு என்னும் பட்டம் பெற்றது இவ்வம்சமே.

பெரிய குடும்பங்களில் ஆண் மகவுக்குக் குலப்பெயரொன்றை முதற்பெயராக இடுவதும் உண்டு. இந்த வழக்கத்தையே ஆதாரமாகக் கொண்டு, யார்க்ஷயரின் ஹாவர்த் என்னும் சிற்றூரில், ஒரு பாதிரியாரின் மகளாகிய சார்லட் பிராண்டி அம்மையார் அந்தப் பெயரின் விதியையே மாற்றிவிட்டார். கர்ரர் பெல் என்ற புனைபெயரில் அவர் 1849-இல் வெளியிட்ட ‘ஷர்லி’ நாவலின் கதாநாயகியுடைய பெற்றோர், ஆண் வாரிசை எதிர்பார்த்து ஏமாந்து, அவனுக்கு வைத்திருந்த பெயரையே மகளுக்கு இட்டனர். அவளோ தன் எஸ்டேட்டைத் தானே நிர்வகித்து, தன்னைக் கேப்டன் கீல்டார் என்று பிறர் அழைப்பதில் மகிழ்ந்தாள்.

இந்நூல் உருவான காலத்தை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. எழுதிக்கொண்டிருக்கையிலேயே 1848 செப்டம்பரில் தம்பி பிரான்வெல்லையும், டிசம்பரில் தங்கை எமிலியையும், அடுத்த மே மாதத்தில் கடைசித் தங்கை ஆனையும் அவர் மண்ணுக்குக் கொடுத்தார். ஆரோக்கியமும் செல்வமும் வாய்த்திருந்தால் எமிலி எவ்வாறு விளங்கியிருப்பாளோ, அவ்வாறே ஷர்லியைப் படைத்ததாக, பின்னர் தம் சரிதத்தை எழுதிய கேஸ்கெல் அம்மையாரிடம் அவர் கூறியிருக்கிறார். சகோதரிக்கு உலகம் மறுத்த வாழ்வை அன்பு ஏட்டில் அளித்ததென்றே நான் கருதுகிறேன்.

அதன் பின்னரே பெண் குழந்தைகளுக்கு ஷர்லி என்று பெயரிடும் வழக்கம் மெல்ல வேரூன்றியது. 1928-இல் அமெரிக்காவில் பிறந்து, ஆறு வயதிலேயே திரையுலகின் பிரசித்தி பெற்ற நட்சத்திரமான ஷர்லி டெம்பிளின் புகழால் 1930-களின் நடுவில் அது அந்நாட்டில் மிக அதிகமாக இடப்பட்ட பெண் பெயர்களுள் ஒன்றாயிற்று. பெயரைப் பரப்பியது திரைப்படமானாலும், அதைப் பெண்ணுக்கு உரியதாக்கிய பெருமை சார்லட்டின் எழுதுகோலையே சாரும். குலப்பெயராக அது பெரர்ஸ் பிரபுக்களிடம் இன்றும் வழங்குகிறது; ஆண்களின் முதற்பெயராக மட்டும் அநேகமாக மறைந்துவிட்டது.