எட்டு ஆண்டு இடைவெளியை எப்படி எழுதுவது?

“எட்டு வருஷம் வீட்டுல சும்மா இருந்தேன்னு எப்படிடா எழுதுறது?”

ஈசூன் வீட்டில், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா கேட்டார். தளவாட நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருந்தவர். இரண்டு பிள்ளைகள், பக்கவாதத்தில் படுத்த அப்பா என்று 2016இல் வேலையை விட்டார். மீண்டும் வேலை தேடி, நான்கு பக்கச் சுயவிவரக் குறிப்பை முப்பது இடங்களுக்கு அனுப்பியும் ஓர் அழைப்புகூட இல்லை. வானொலியில் பேசும் தம்பிக்கு எழுதவும் வரும் என்று நம்பி என்னைக் கூப்பிட்டிருந்தார்.

முதல் பக்கம் முழுவதும் படம், பிறந்த தேதி, அடையாள அட்டை எண், இனம், சமயம், கணவர் பெயர், பிள்ளைகள் எத்தனை என்ற விவரங்கள். அப்பா காலத்து ‘பயோடேட்டா’ அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் நீக்கினோம். வேலைக்குத் தொடர்பில்லாத வயது, இனம், சமயம், திருமண விவரங்களை முதலாளிகள் கேட்கக்கூடாது என்பதே சிங்கப்பூரின் நியாயமான வேலை நியமன வழிகாட்டி. 2019 செப்டம்பர் முதல் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கவும் கட்டுப்பாடு உண்டு. வேலை கிடைத்தபின் கொடுத்தால் போதும்.

வானொலியில் முதல் சில விநாடிகளில் நேயரைப் பிடிக்காவிட்டால் அவர் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார். குறிப்பைப் படிப்பவரும் அப்படித்தான். எனவே, எந்த வேலைக்கு, என்ன திறனோடு வருகிறார் என்பதை மேலே மூன்று வரிகளில் வைத்தோம். ‘கடின உழைப்பாளி’ போனது. அதை எல்லாரும்தான் எழுதுகிறார்கள். ‘கொள்முதலைக் கவனித்தேன்’ என்ற வரி, ‘மாதம் 120 கொள்முதல் ஆணைகளைக் கையாண்டேன், 15 விநியோகிப்பாளர்களுடன் விலை பேசினேன்’ என்று மாறியது.

அடுத்து, விளம்பரத்தில் திரும்பத் திரும்ப வந்த சொற்களை அடிக்கோடிட்டோம். அக்காவுக்கு உண்மையிலேயே தெரிந்தவற்றை அதே சொற்களில் எழுதினோம். பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் அலசுவது மென்பொருள். கட்டங்களும் படங்களும் அதைக் குழப்பிவிடலாம்.

மிச்சம் அந்த எட்டு ஆண்டுகள். ஆண்டுகளைப் போடாமல் விட்டுவிடலாமா என்றார் அக்கா. வேண்டாம் என்றேன். மறைத்தது நேர்முகத்தில் வெளிவரும். அங்கே நாக்குத் தடுமாறும்.

‘2016–2024: முழுநேரக் குடும்பப் பராமரிப்பு’ என்று ஒரே வரி எழுதினோம். அதன்கீழ், பள்ளிப் பெற்றோர் ஆதரவுக் குழுவின் கணக்கை இரண்டு ஆண்டுகள் பார்த்தது, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் எக்செல் படித்தது.

“இதெல்லாம் வேலையாடா?”

சம்பளம் வராததால் அவரே அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்பாவை அவர் பார்த்துக்கொண்டதால்தான் நான் விடியற்காலையில் நிலையத்துக்குக் கிளம்ப முடிந்தது. அந்த வரியைத் தட்டச்சு செய்தபோதுதான் எனக்கும் அது உறைத்தது.

இரண்டு பக்கமாகச் சுருங்கிய குறிப்பை, பொருத்தமான ஆறு இடங்களுக்கு மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஏற்ப மாற்றி அனுப்பினார். இரண்டு அழைப்புகள் வந்தன. இரண்டிலும் முதல் கேள்வி இடைவெளி பற்றியதுதான். “அப்பாவைப் பார்த்துக்கொண்டேன். இப்போது வேலைக்குத் தயார்” என்றாராம். பழைய சம்பளத்தைவிடச் சற்றுக் குறைவுதான்; ஆனால் வேலை கிடைத்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அக்காவோ அம்மாவோ வேலை தேடினால், மாதிரிப் படிவத்தை அனுப்பிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “இத்தனை வருஷமா என்னென்ன செஞ்சீங்க?” என்று கேளுங்கள். எழுதிக்கொள்ளப் பேனாவும் கையில் இருக்கட்டும்.