ஒன்பது ஆண்டுகள் இனம் மாறிக் கிடந்த விண்கல்

ஏஎல்எச் 84001 என்ற விண்கல்லுக்கு எதிரே, 1993 வரை பதிவேட்டில் இருந்த சொல் 'டயோஜனைட்'. அதாவது, வெஸ்டா என்ற சிறுகோளிலிருந்து உடைந்து வந்ததாகக் கருதப்படும் கல்வகை. உண்மையில் அது செவ்வாயின் பாறை.

1984 டிசம்பர் 27 அன்று, அண்டார்க்டிகாவின் ஆலன் ஹில்ஸ் பகுதியில் ராபர்ட்டா ஸ்கோர் அதைக் கண்டெடுத்தார். எடை ஏறத்தாழ 1.9 கிலோ. பனியின் மேல் பச்சையாகத் தெரிந்த அந்தக் கல் அவர் மனத்தில் நின்றுவிட்டது. அதனால் ஹூஸ்டன் ஆய்வகத்தில் அந்தப் பருவத்தின் முதல் எண்ணே அதற்குக் கிடைத்தது. பெயரில் இடம், ஆண்டு, வரிசை எண் மூன்றும் அடக்கம்.

விண்கற்கள் அண்டார்க்டிகாவில் மட்டும் அதிகமாக விழுவதில்லை. விழுந்தவற்றைப் பனி மெல்ல நகர்த்திச் செல்கிறது. வழியில் மலைத்தொடர் மறித்தால் பனி மேலெழும்புகிறது. வறண்ட காற்று அதை அரித்துக் கரைக்கிறது. உப்பளத்தில் நீர் வற்றி உப்பு மிஞ்சுவதுபோல, நீலப் பனியின் மீது கற்கள் மிஞ்சுகின்றன. 1969இல் யமாட்டோ மலைப்பகுதியில் ஜப்பானியக் குழு கண்டெடுத்த ஒன்பது கற்கள் ஒரே வகையாக இல்லாததுதான் இந்த உண்மைக்கு வழிகாட்டியது.

இப்படிக் கிடைக்கும் கல்லை வெறுங்கையால் தொடுவதில்லை. சுத்தமான இடுக்கியால் எடுத்துப் பையிலிட்டு, உறைநிலையிலேயே அனுப்புகிறார்கள். ஆய்வகத்தில் உலர்ந்த நைட்ரஜன் நிரம்பிய பெட்டிக்குள் வைத்துத்தான் பனியை நீக்குகிறார்கள். ஈரம் பட்டால் கல்லிலுள்ள இரும்பு துருப்பிடிக்கும். பிறகு அளவு, எடை, நிறம், விரிசல், துரு என ஒவ்வொன்றையும் எழுதுகிறார்கள். வளிமண்டலத்தில் பாய்ந்தபோது உருகி உறைந்த கறுப்புத் தோல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதும் குறிப்பில் ஏறும்.

அடுத்து ஒரு சில்லை உடைத்து, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கிறார்கள். அந்தக் கனத்தில் பாறைக்குள் ஒளி ஊடுருவும். நுண்ணோக்கியில் முதலில் தேடுவது காண்ட்ரூல் எனப்படும் சிறு உருண்டைகளை. கல்விண்கற்களில் பெரும்பாலானவற்றில் அவை உண்டு. அவை உள்ள கற்களுக்குக் காண்ட்ரைட் என்று பெயர். அவற்றில் மிகுதியாகக் கிடைப்பவற்றை இரும்பின் அளவைக் கொண்டு எச், எல், எல்எல் எனப் பிரிப்பார்கள். வெப்பத்தால் உருண்டைகள் எவ்வளவு மங்கியிருக்கின்றன என்பதை 3 முதல் 6 வரையான எண் சொல்லும்.

84001இல் உருண்டைகளே இல்லை. கிட்டத்தட்ட முழுவதும் பெரிய பைராக்சீன் படிகங்கள். டயோஜனைட்டின் தோற்றமும் அதுதான் என்பதால், அந்த வகையில் சேர்த்தவர்களைக் குறைசொல்ல முடியாது.

டயோஜனைட்களை ஆராய்ந்துவந்த டேவிட் மிட்டில்ஃபெல்ட்டிடம் இதன் சீவலும் வந்தது. எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிப் பார்த்தபோது, இரும்பு சல்ஃபைடில் ஓர் இரும்பு அணுவுக்கு இரண்டு கந்தக அணுக்கள் இருந்தன. டயோஜனைட்டில் ஒன்றுக்கு ஒன்றுதான் இருக்கும். குரோமைட் கனிமத்திலும் ஆக்சிஜனேற்றம் மிகுந்த இரும்பு தென்பட்டது. ஆக்சிஜன் அரிதான சூழலில் உருவான டயோஜனைட்டுக்கு இது பொருந்தவே பொருந்தாது. ராபர்ட் கிளேட்டன் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்தார். விகிதம் செவ்வாய்க் கற்களோடு ஒத்துப்போனது. அந்தக் கற்கள் செவ்வாயினுடையவை என்பதற்குச் சான்று, அண்டார்க்டிகாவிலேயே கிடைத்த இன்னொரு விண்கல்லின் கண்ணாடித் துளிகளில் சிறைப்பட்டிருந்த வாயு. வைக்கிங் கலங்கள் செவ்வாயில் அளந்த காற்றின் கலவையே அதிலும் இருந்தது.

ஸ்கோரின் கூரிய கண்ணுக்கு எவ்வளவு பெருமை உண்டோ, அவ்வளவு பெருமை அந்தக் கல்லையும் அதன் சீவல்களையும் கெடாமல் காத்து, கேட்ட ஆய்வாளருக்குக் கொடுத்தவர்களுக்கும் உண்டு என்பேன்.

கல்லின் வயது ஏறத்தாழ 409 கோடி ஆண்டுகள். பூமியில் விழுந்து சுமார் 13,000 ஆண்டுகள் ஆகின்றன. அதில் பழைய நுண்ணுயிர்களின் தடயம் இருக்கலாம் என்று 1996இல் நாசா ஆய்வாளர்கள் அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. அதிலுள்ள கரிமச் சேர்மங்கள் உயிர்களால் அல்ல, செவ்வாயில் நீரும் பாறையும் வினைபுரிந்ததால் உண்டானவை என்று 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது.