'நொட்டோரியஸ்லி' என்னும் ஆங்கில வினையடை: பொருளும் பெயர்ப்பும்

'நொட்டோரியஸ்லி' என்னும் ஆங்கில வினையடைக்குக் 'கெட்ட பெயருடன்' எனப் பொருள் கொள்வோர் உளர். தனிச்சொல்லாக நோக்கின் இது பிழையன்று; தொடரில் இட்டால் பொருந்துவதில்லை. இச்சொல் பெரும்பாலும் 'கடினமான', 'நம்பத்தகாத', 'கணிக்க இயலாத' போன்ற பெயரடைகளின் முன் நிற்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒழுங்கற்றது என்பதை ஆங்கிலேயரே இவ்வடையிட்டுக் கூறுவர். எழுத்துக்கூட்டல் என்ன பழி செய்தது? அங்கே உணர்த்தப்படுவது, குறை உண்டு என்பதும் அதனை யாவரும் அறிவர் என்பதுமே.

இதன் மூலமும் அறிதலே. இலத்தீனில் 'நோட்டுஸ்' என்பது 'அறியப்பட்டது' எனப் பொருள்படும். இடைக்காலத் திருச்சபைச் சட்டத்தில், இதன் வழிப் பிறந்த சொல் மெய்ப்பிக்க வேண்டாத அளவு வெளிப்படையானதைக் குறித்தது. ஆங்கிலத்தில் 'நொட்டோரியஸ்' முதலில் 'பலரறிந்த' என நடுநிலையாகவும் வழங்கிற்று. திருடன், பொய்யன் முதலியவற்றை அடுத்தடுத்துச் சார்ந்தமையால் இழிபொருட்பேறு எய்தியது. தமிழில் 'நாற்றம்' எய்தியது போல. நம் செய்தித்தாள்களின் 'பிரபல ரவுடி' இன்னும் அந்நிலைக்கு வரவில்லை. அதே பக்கத்தில் 'பிரபல மருத்துவர்' நலமாகவே இருக்கிறார்.

'இன்ஃபேமஸ்லி' வேறு வகையினது. அதன் வேரான 'ஃபாமா' பேசுதலோடு தொடர்புடையது. ஒருவர் செய்ததையும் சொன்னதையும் தழுவி, அச்செயலையே பழிப்பது அது.

மொழிபெயர்ப்பில் இடர் நேர்வது மாந்தரைப் பற்றிய தொடர்களில்தான். ஓர் அதிகாரி 'நொட்டோரியஸ்லி' ஊழல் புரிபவர் என்னும்போது, ஊழல் உண்மை என்ற பொறுப்பை எழுதியவர் ஏற்கிறார். 'ஊழல்வாதி எனப் பெயரெடுத்தவர்' என்று பெயர்த்தால் எஞ்சுவது பெயர் மட்டுமே. அப்பெயர் பொய்யாகவும் இருக்கலாம். 'கூறப்படுகிறது' என்பது இன்னும் நெகிழ்ந்தது. அது 'ரெப்யூட்டட்லி' என்பதற்கே உரியது. 'அவர் ஊழல் புரிபவர் என்பது ஊரறிந்த செய்தி' என்பதே மூலத்தின் பொறுப்பைக் குறைவின்றிச் சுமக்கும். இதனை இடம் மாற்றி ஆண்டால், மூல ஆசிரியர் சாட்டாத குற்றத்தை மொழிபெயர்ப்பாளர் சாட்டியவராவார்.

பொருள்களுக்குப் 'பேர்போன' பெரிதும் ஏற்றது. 'திருநெல்வேலி அல்வாவுக்குப் பேர்போனது' என நற்பொருளிலும் அது வருதலால், குறையை வெளிப்படுத்த வேண்டிய கடமை அதனைத் தழுவும் பெயரின் மேல் விழுகிறது: 'ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒழுங்கின்மைக்குப் பேர்போனது'.