ரொறன்ரோவுக்குப் புறப்படுமுன்

கனடா தேசத்தின் மிகப் பெரிய நகரம் ரொறன்ரோ. எம்மவர் பலர் ஆண்டுதோறும் முதன்முறையாக அந்நகருக்குப் பிரயாணஞ் செய்கின்றனர். அவர்களுள் ஊர் பார்க்கச் செல்வோர் சிலர். படிக்கச் செல்லும் மாணவர் சிலர். பல்லாண்டு காலம் காணாதிருந்த மகனையோ மகளையோ கண்ணாற் கண்டு, பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சிவரச் செல்லும் பெற்றோர் பலர். சிறப்பாக இப்பெற்றோரை மனத்திற் கொண்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

ஆறு மாதம் தங்கித் திரும்பிய பெரியவர் ஒருவரை "ரொறன்ரோ எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "மகன் வீட்டு யன்னலாலே தெரிந்த அளவில் நல்ல நகரந்தான்" என்று விடை வரக்கூடும். இதில் வியப்பில்லை. காலை ஏழு மணிக்கு மகனும் மருமகளும் வேலைக்குப் புறப்பட்டு விடுவர். பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்று விடுவர். எட்டு மணிக்குப் பின் வீட்டில் ஒலிப்பது குளிர்சாதனப் பெட்டியின் ஓசை ஒன்றுதான். வாகனம் இருந்தாற்றான் வெளியே போகலாம் என்று பெரியவர் எண்ணுகிறார். வெளியே போனால் தொலைந்து போவார் என்று பிள்ளைகள் அஞ்சுகின்றனர். இவ்விரண்டு எண்ணங்களும் தவறானவை. ரொறன்ரோ ஓரளவு எழுத வாசிக்கத் தெரிந்த எவரும் தனியே சென்று வரக்கூடிய நகரம்.

ஆனால், அந்நகரைப் பற்றிப் பேசுமுன் ஊரிலே செய்து முடிக்க வேண்டிய காரியம் ஒன்றுண்டு. அது வைத்தியக் காப்புறுதி. ஒன்ராறியோ மாகாணத்தில் நிரந்தரமாக வசிப்போர் வைத்தியரைக் காண்பதற்கும் வைத்தியசாலையில் தங்குவதற்கும் மாகாண அரசாங்கமே பணம் செலுத்துகின்றது. இதனை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு, "கனடாவில் வைத்தியம் இலவசம்" என்று நம்பிச் செல்வோர் உளர். விருந்தினராகச் செல்பவருக்கு அச்சலுகை கிடையாது. ஓரிரவு வைத்தியசாலையிற் படுத்தெழுந்தாலே ஆயிரக்கணக்கான டொலர் கொடுக்க நேரிடலாம். அதனைக் கொடுக்க வேண்டியவர், வீட்டுக் கடனை மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும் உங்கள் பிள்ளையேயாவார்.

பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் 'சூப்பர் விசா' என்றொரு விசா உண்டு. 2022ஆம் ஆண்டு செய்யப்பட்ட மாற்றத்தின் பின், அவ்விசாவிற் செல்பவர் ஒரே தடவையில் ஐந்தாண்டு வரை தங்கலாம். அதற்கு ஒரு இலட்சம் டொலருக்குக் குறையாத ஓராண்டுக் காப்புறுதி கட்டாயமாகும். சாதாரண விசாவில் ஆறு மாதத்துக்குச் செல்வோருக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஆகவே அவர்களுட் பலர் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் பார்க்கின்றனர். இது மிச்சம் பிடிக்கத்தக்க செலவன்று.

காப்புறுதி எடுத்தாற் போதாது; பத்திரத்தை வாசிக்கவும் வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் முதலியன முன்னரே உள்ளவர்களுக்கு, புறப்படுமுன் குறிப்பிட்ட காலம் நோய் மாறுதலின்றி இருந்திருக்க வேண்டும் என்று பல கம்பனிகள் விதி வைத்திருக்கின்றன. குளிகையின் அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதனையும் ஒரு மாறுதலாகவே கணக்கிடுவர். பயணத்துக்கு இரு வாரத்துக்கு முன் "எதற்கும் ஒருமுறை டொக்டரைக் காட்டிவிட்டுப் போவோம்" என்று போய், மருந்தை மாற்றிக்கொண்டு வருவது எம்மவர் வழக்கம். டொக்டரைக் காண்பது நன்றே. ஆனால் அதனைச் சில மாதங்களுக்கு முன்பே செய்துகொள்ளுங்கள். கேட்கப்படும் நோய் விபரங்களில் ஒன்றையேனும் மறைக்க வேண்டாம். மறைத்தது பின்னர் தெரியவந்தால் காப்புறுதிப் பணம் முழுவதையும் மறுத்துவிட இடமுண்டு.

மருந்துகளை அவற்றின் சொந்தப் பெட்டிகளிலேயே, வைத்தியரின் சிட்டையுடன், கைப்பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். உணவுப் பொருள்களைப் பொறுத்தவரை, கொண்டு செல்வன யாவற்றையும் விமான நிலையத்திற் கேட்கும்போது ஒளியாது கூறிவிடுவதே உத்தமம். அனுமதிக்கப்படாத பொருளாயின் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஒளித்து அகப்பட்டால் தண்டப் பணம். இறைச்சி, பழம், செடி, மண் ஒட்டிய கிழங்கு இவற்றை ஊரிலேயே விட்டுச் செல்லுங்கள். கறிவேப்பிலைக் கன்றை ஈரத்துணியிற் சுற்றிக் கொண்டுபோகும் ஆசை சில அம்மாமாருக்கு உண்டு; அது நடவாத காரியம். மாவரைக்கும் இயந்திரமும் வேண்டாம். எமது மின்சாரம் 230 வோல்ற்று. அங்கே 120 வோல்ற்றுத்தான். இங்கே இடியப்ப மா அரைத்த இயந்திரம் அங்கே முனகிக்கொண்டு நிற்கும்.

இனி நகரத்துக்கு வருவோம்.

பியர்சன் விமான நிலையம் ரொறன்ரோவின் மேற்கே மிசிசாகா நகரத்துள் அமைந்திருக்கிறது. அழைத்துச் செல்ல ஆள் வராத மாணவர்கள், 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விமான நிலையப் புகையிரதத்தில் ஏறினால் 25 நிமிடத்தில் நகர மத்தியிலுள்ள யூனியன் நிலையத்தை அடையலாம். கனத்த பெட்டிகளுடன் வாடகை மோட்டாரில் நெரிசலுக்குள் அகப்படுவதிலும் இது மேல்.

திசை அறிதல் முதற்பாடம். நகரத்தின் தெற்கே ஒன்ராறியோ ஏரி கடல்போலப் பரந்து கிடக்கின்றது. ஏரிக்கரையிலிருந்து வடக்கு நோக்கி யங் வீதி செல்கிறது. கிழக்கு மேற்காக ஓடும் வீதிகள் பல, யங் வீதியைக் கடக்கும் இடத்திலே பெயரில் இரண்டாகப் பிரிகின்றன. எக்ளின்ரன் கிழக்கு, எக்ளின்ரன் மேற்கு என்பது போலப் பெயர் மாறும். வீட்டிலக்கமும் யங் வீதியிலிருந்தே தொடங்கி இருபுறமும் வளர்ந்து செல்லும். இதனை அறியாதவர் கிழக்கிலுள்ள வீட்டைத் தேடி மேற்கே பல மைல் போய் நிற்பதுண்டு. விலாசம் எழுதும்போது 'கிழக்கு', 'மேற்கு' என்ற சொல்லை விடாது எழுதிக்கொள்ளுங்கள்.

எம்மவர் பெருந்தொகையாக வாழும் ஸ்காபரோ நகரின் கிழக்குப் பகுதி. 1998ஆம் ஆண்டிலேதான் அது ரொறன்ரோவுடன் இணைக்கப்பட்டது. அங்கே பெருந்தெருக்கள் சதுரங்கப் பலகைபோல ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றருக்கு ஒன்றாக ஓடுகின்றன. தெற்கிலிருந்து வடக்காக எக்ளின்ரன், லோரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பேர்ட், பிஞ்ச், ஸ்டீல்ஸ் என்று ஆறு பெயரையும் வாய்ப்பாடு போல மனனஞ் செய்து கொள்ளுங்கள். ஸ்டீல்ஸ் வீதி நகரத்தின் வடவெல்லை, அதற்கப்பால் மார்க்கம். இந்த ஆறு பெயரும், வீட்டுக்கு அண்மையில் வடக்குத் தெற்காக ஓடும் ஒரு வீதியின் பெயரும் தெரிந்தவர் ஸ்காபரோவில் வழிதவற மாட்டார். பஸ் வண்டிகளும் பெரும்பாலும் அவ்வவ் வீதியின் பெயரையே நெற்றியில் தாங்கி வருகின்றன. வண்டிக்குள் அடுத்து வரும் தரிப்பின் பெயரைக் குரலாலும் எழுத்தாலும் அறிவிக்கின்றார்கள். ஆகவே சாரதியை நச்சரிக்க வேண்டிய தேவையில்லை.

பஸ்ஸும், நிலத்தின் கீழ் ஓடும் புகையிரதமும், டிராம் வண்டியும் ஒரே நிர்வாகத்தின் கீழுள்ளன. 1954ஆம் ஆண்டு யங் வீதியின் கீழே திறக்கப்பட்ட புகையிரதப் பாதையே கனடாவின் முதல் நிலக்கீழ்ப் பாதை. கொழும்பிலே 1960ஆம் ஆண்டுடன் மறைந்துபோன டிராம் வண்டியை நினைவிற் கொண்டுள்ள முதியவர்கள், ரொறன்ரோவில் அது இன்றும் மணியடித்து ஓடுவதைக் கண்டு மகிழலாம். ஒன்று மட்டும் கவனிக்க: டிராமிலிருந்து இறங்குவது பல இடங்களில் நடுவீதியிலேயே. கதவு திறந்திருக்கும்போது பின்னால் வரும் மோட்டார்கள் நிற்க வேண்டுமென்பது சட்டம். ஆயினும் வலப்புறம் ஒருமுறை பார்த்துவிட்டே காலை வையுங்கள். அந்நாட்டில் வாகனங்கள் வலப்பக்கமாகவே ஓடுகின்றன என்பதையும் மறவற்க. இலங்கையிற் பழகிய கழுத்து, வீதியைக் கடக்கும்போது தவறான பக்கமே முதலில் திரும்பும்.

பிறெஸ்ரோ என்னும் அட்டையை இயந்திரத்திற் தொட்டால் கட்டணம் கழிந்துவிடும். ஒருமுறை செலுத்தினால் இரண்டு மணி நேரத்துக்கு எத்திசையிலும் ஏறி இறங்கலாம். மாறி ஏறும் ஒவ்வொரு வண்டியிலும் அட்டையைத் தொட வேண்டுமேயன்றி மீண்டும் பணம் கழியாது. கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு அதே கட்டணத்தில் வீடு திரும்பிவிடலாம். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணம் குறைவு; ஆனால் அட்டையில் அதனைப் பதிவு செய்விக்க வேண்டும். பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. ஆகவே பாடசாலை விடுமுறையிற் பேரனைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாட்டிக்குப் பாதை தெரியும். பேரனுக்கு ஆங்கிலம் தெரியும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பெற்றோர் வந்த முதல் வாரத்தின் சனிக்கிழமையை நயாகராவுக்கு ஒதுக்காது, பஸ் பழக்குவதற்கு ஒதுக்குங்கள். வீட்டிலிருந்து தரிப்புவரை நடந்து, வண்டியேறி, இறங்கித் திரும்பும் வரை பெற்றோரை முன்னே விட்டு நீங்கள் பின்னே செல்லுங்கள். இரண்டாம் முறை அவர்கள் தாமே போய் வருவார்கள். நயாகரா எங்கும் ஓடிவிடாது. சுமார் 130 கிலோமீற்றர் தூரத்தில் என்றும் விழுந்துகொண்டேயிருக்கும். அங்கு செல்லும்போதும், அமெரிக்க விசா இல்லாதவர் பாலத்தைக் கடக்க முயலாமல் கனடாக் கரையிலேயே நிற்க. குதிரை லாட வடிவான பெருநீர்வீழ்ச்சி நேருக்கு நேராகத் தெரிவதும் இக்கரையிலிருந்துதான்.

தனியே எங்கே போவது? முதலாவதாகப் பொது நூலகத்தைச் சொல்வோம். ரொறன்ரோப் பொது நூலகத்துக்கு நூறு கிளைகள் உண்டு. ஸ்காபரோவிலுள்ள சில கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. உள்ளே அமர்ந்து படிப்பதற்குக் கட்டணமில்லை. குளிருக்கு ஒதுங்க அதனினும் கண்ணியமான இடம் வேறில்லை. கோடையிலே நகர மத்தியிலிருந்து படகேறிச் சிறிது நேரத்தில் ரொறன்ரோத் தீவுகளை அடைந்து, மரநிழலிலிருந்து மாநகரத்தைப் பார்க்கலாம். 1959ஆம் ஆண்டு தோக்கியோ நகரத்தார் அன்பளித்த செரி மரங்கள் ஹை பார்க் என்னும் பூங்காவில் ஏப்ரில் இறுதியிலோ மே முற்பகுதியிலோ சில நாட்களுக்கு மட்டும் பூத்துச் சொரிகின்றன. ஸ்காபரோவிலேயே ஏரியை நோக்கி நிற்கும் வெண்மண் செங்குத்துக்கள் காணத்தக்கவை; அவற்றின் விளிம்பு இடிந்து விழுந்துகொண்டே இருப்பதால் மேலே வேலிக்கு அப்பால் நின்று படம் பிடிப்பது பேதைமை. 553 மீற்றர் உயரமான சி.என். கோபுரத்தைப் பற்றி நாம் அதிகம் சொல்லப் போவதில்லை. கட்டணம் அதிகம், கீழே நின்று பார்ப்பதற்கு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை.

கடைகளில் எழுதியிருக்கும் விலை இறுதி விலையன்று. பெரும்பாலான பொருள்களுக்கு நூற்றுக்கு 13 வரி, பணங்கொடுக்கும் இடத்திலேயே சேர்க்கப்படும். அரிசி, பால், மரக்கறி போன்றவற்றுக்கு அவ்வரி இல்லை. ஒரு சத நாணயம் 2013ஆம் ஆண்டிலேயே வழக்கொழிந்துவிட்டதால், காசாகக் கொடுக்கும்போது மொத்தம் ஐந்து சதத்துக்குச் சரிப்படுத்தப்படும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதிருங்கள். உட்கார்ந்து உண்ணும் உணவகத்தில் நூற்றுக்குப் பதினைந்துக்குக் குறையாமற் பரிசாக வைப்பது அவ்வூர் வழக்கம்.

ஆபத்தான வேளையில் அழைக்க வேண்டிய இலக்கம் 911. ஆங்கிலம் வராவிடினும் அஞ்ச வேண்டாம். தமிழ் என்னும் ஒரு சொல்லைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைப்பார்கள். வீட்டு விலாசத்தையும் காப்புறுதிப் பத்திர இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிப் பணப்பையினுள் எப்போதும் வைத்திருங்கள்.

எந்த மாதத்திற் போவது என்பது எஞ்சியிருக்கும் கேள்வி. மே முதல் ஒக்டோபர் வரை உகந்த காலம். ஜூனில் இரவு ஒன்பது மணியளவிலேதான் சூரியன் மறையும். மாலை விளக்கேற்றக் காத்திருக்கும் அம்மாமார் கடிகாரத்தையே நம்ப வேண்டும். டிசம்பரிலோ ஐந்து மணிக்கு முன்பே இருண்டுவிடும். ஊருக்குத் தொலைபேசியிற் பேசுவோர், கோடையில் இலங்கை நேரம் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்திற் பத்தரை மணித்தியாலமும் முன்னே செல்வதை நினைவில் வைத்தாற்றான் உறவினரை நள்ளிரவில் எழுப்பாதிருக்கலாம்.

குளிர்காலத்திலேதான் செல்ல நேருமாயின், ஒரு தடித்த மேலங்கியை மட்டும் நம்பாமல் மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நன்று. காதையும் விரல்களையும் மூடிக்கொள்ளுங்கள். வெண்பனி வழுக்குவதிலும், உருகி மீண்டும் உறைந்து கண்ணுக்குத் தெரியாது தெருவோடு தெருவாகக் கிடக்கும் பனிக்கட்டியே அதிகம் வழுக்கும். முதியோரின் இடுப்பெலும்பை முறிப்பது அதுவே. கையைச் சட்டைப்பையினின்று வெளியே எடுத்து, சிறு சிறு அடியாக வைத்து நடக்க வேண்டும். சப்பாத்தைக் கொழும்பில் வாங்காதீர்கள். அடித்தளம் பற்றிப் பிடிக்கும் பனிச் சப்பாத்து அங்கேதான் கிடைக்கும். அது வாங்கிக் காலில் மாட்டும் வரை வாசற்படியைத் தாண்ட வேண்டாம்.